வலிக்கும் மூட்டும் வருடும் கையும்



சம்பா நடவு முடிந்த ஒரு மாலையில் நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரை அவரது இல்லத்தில் சந்தித்தேன். நாற்பது ஆண்டுகள் சேற்றில் குனிந்து நாற்று நட்டவர். திண்ணையில் காலை நீட்டி அமர்ந்திருந்தார். முந்தானை முடிச்சில் வலி மாத்திரைப் பொட்டலம் ஒன்று இருந்தது. கடையில் தாமே வாங்கி, ஏழெட்டு ஆண்டுகளாக நாளுக்கு இரண்டு விழுங்கி வந்தாராம். சிறுநீரகம் நலிந்துவிட்டதெனக் கண்ட மருத்துவர் அவற்றை அறவே நிறுத்தச் சொல்லிவிட்டார். “அப்ப இந்த முட்டி வலிக்கு நான் என்னங்க சாமி செய்யறது?” என்று கேட்டார். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அதன்பின் படித்தறிந்ததை இங்கு எழுதுகிறேன்.

எண்ணெய் தடவிப் பிடித்துவிடுதல் நம் மண்ணுக்குப் புதிதன்று. சித்த மருத்துவம் அதனைத் தொக்கணம் என அழைத்து, 32 புறமருத்துவ முறைகளுள் ஒன்றாக வைத்து, தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் என 9 வகைகளாகப் பிரித்துள்ளது. எனினும் பழமை ஒன்றே சான்றாகிவிடாது. 1798 முதல் 1832 வரை தஞ்சையில் அரசு புரிந்த இரண்டாம் சரபோஜி மன்னரும் தன்வந்திரி மகாலில் வைத்திய முறைகளை ஆராய்ந்து தொகுக்கச் செய்தார் அன்றோ?

இன்றைய ஆராய்ச்சி கூறுவது யாது? கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக அறிஞர்கள் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இளைஞர் 11 பேரைக் களைக்கும் வரை மிதிவண்டி மிதிக்கச் செய்து, ஒரு காலை மட்டும் பத்து நிமிடம் பிடித்துவிட்டனர். பின்னர் இரு கால்களின் தசையிலிருந்தும் சிறு துணுக்குகளை எடுத்துச் சோதித்தனர். பிடித்துவிட்ட காலில் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் குறைந்திருந்தன. தசையில் தேங்கும் லாக்டிக் அமிலத்தைப் பிசைந்து வெளியேற்றலாம் என்ற பழைய கருத்து மட்டும் மெய்ப்படவில்லை.

முழங்கால் மூட்டுத் தேய்வுடைய 222 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் பிடித்துவிடப்பட்டோருக்கு, எட்டு வாரங்களில், வெறுமனே மென்மையாகத் தொடப்பட்டோரைவிட வலி குறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நாட்பட்ட இடுப்பு வலியுடைய 401 பேரிடம் நடந்து 2011-இல் வெளியான மற்றோர் ஆய்வில், உடலைத் தளர்த்தும் மென்மையான முறையும், தசைகளைத் தேர்ந்து அழுத்தும் முறையும் ஏறத்தாழ ஒரே பயனைத் தந்தன. எலும்பு நொறுங்கப் பிடித்தால்தான் குணமாகும் என்போர் இதனைக் கருதுவார்களாக.

ஆகவே, பிடித்துவிடுதல் தேய்ந்த மூட்டைப் புதுப்பிக்காது. சில நாட்களுக்கு வலியைத் தணிக்கும். வலி தணிந்த அவ்வேளையை வீணாக்கலாகாது. நாற்காலியில் அமர்ந்து முழங்காலை மெல்ல நீட்டி மடக்குதல், இயன்றவரை நடத்தல் ஆகியவை தொடைத் தசையை வலுப்படுத்தி மூட்டின் சுமையைக் குறைக்கும். நீடித்த பயன் அதனின்றே வரும்.

எச்சரிக்கையும் தேவை. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அதனைப் பிசையாதீர்கள். உள்ளே இரத்தம் உறைந்திருக்கக் கூடும், உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மூட்டு சிவந்து காய்ச்சல் கண்டாலும், விழுந்து எலும்பு முறிந்ததோ என ஐயமிருந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்குச் சுடும் எண்ணெய் கூடாது. வலி மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் நீண்டகாலம் உண்பது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இவற்றையெல்லாம் அம்மூதாட்டியிடம் மறுமுறை எடுத்துரைத்தபோது அவர் சிரித்தார். “மாமியாருக்கு, வீட்டுக்காரருக்கு, புள்ளைங்களுக்கு எல்லாம் நாந்தானுங்க சாமி காலு புடிச்சிவிட்டேன். எனக்கு யாரு இருக்கா?” என்றார். அருகில் எழுதிக்கொண்டிருந்த பேத்தி நோட்டை மூடிவிட்டு, அடுக்களையிலிருந்து நல்லெண்ணெய்க் கிண்ணத்துடன் வந்து அமர்ந்தாள். முந்தானைப் பொட்டலத்தை அவர் தாமாகவே அவிழ்த்து என்னிடம் தந்தார்.

உங்கள் இல்லத்தில் எல்லாருக்கும் கால் பிடித்துவிட்டவர் யார்? அவருடைய முழங்கால் இன்று எப்படி இருக்கிறதென்று கேட்டீர்களா?