எங்கள் லைன் வீடு பகலில் பூட்டியிருக்கும்

விழுப்புரம், கள்ளக்குறிச்சி சேரிகளிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போன நாங்கள் பொங்கலுக்கு ஊர் வந்தால், "நல்லா பூசினாப்ல ஆயிட்டியே" என்கிறார்கள். குனிந்து நாற்று நட்ட உடம்பு இப்போது நாள் முழுக்கத் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருக்கிறது. வாடகைக்கு வீடு கேட்டால் சாதியைக் கேட்கிறார்கள். கடைசியில் கிடைப்பது அடுப்பு வைக்கவே இடமில்லாத லைன் வீடு. பிறகென்ன, இரவுக்குப் பரோட்டா, நடுவில் டீயும் பஜ்ஜியும்தான்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுத் தமிழகப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை மிகுந்தவர்கள். தலித்துக்கு வரும் நோய் பசி மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதையும் பார்க்கட்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் பகலில் வந்து கதவைத் தட்டினால் நாங்கள் கம்பெனியில் இருப்போம். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். சர்க்கரை, பிரஷரோடு இடுப்பையும் அளந்து பாருங்கள்.