அழுகிற பிள்ளைக்கு டின் பால் மருந்தா?

மாலை ஆறு மணி. ஒரு மாதக் குழந்தை வீறிட்டு அழுகிறது. முகம் சிவக்கிறது. கால்களை வயிற்றோடு மடக்குகிறது. பால் கொடுத்தாலும் அழுகை. தோளில் போட்டாலும் அழுகை.

வீட்டில் ஆளுக்கு ஒரு பேச்சு. "உன் பால் பிள்ளைக்குப் பற்றவில்லை" என்கிறார் மாமியார். "கண் பட்டிருக்கும்" என்கிறார் பக்கத்து வீட்டு அம்மாள். "வயிற்று வலிக்கென்றே புது டின் பால் வந்திருக்கிறதாம். வாங்கி வரட்டுமா?" என்கிறார் கணவர். இளந்தாய் என்ன செய்வாள்? பிள்ளையோடு சேர்ந்து அவளும் அழுகிறாள்.

அந்த டின்னை வாங்கலாமா? தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

இது என்ன அழுகை?

டாக்டர்கள் இதைக் 'காலிக்' என்பார்கள். அமெரிக்க டாக்டர் மாரிஸ் வெசல் 1954-ல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். நன்றாகப் பால் குடித்து வளரும் குழந்தை, நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாட்களுக்கு மேல், 3 வாரங்களுக்கு மேலாக அழுதால் அது காலிக்.

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கும் இது வரும். புட்டிப்பால் குடிக்கும் பிள்ளைக்கும் வரும். ஆகவே தாயின் பாலில் குற்றம் இல்லை. ஆறாவது வாரத்தில் அழுகை உச்சத்துக்குப் போகும். மூன்று, நான்கு மாதத்தில் தானாகவே அடங்கிவிடும்.

டின்னில் என்ன இருக்கிறது?

'பிரிபயாட்டிக்' என்ற சத்தைச் சேர்த்திருக்கிறார்கள். இது குழந்தைக்குச் செரிக்காத ஒருவகைச் சர்க்கரை. குடலில் உள்ள நல்ல கிருமிகளுக்கு இதுதான் தீனி. தாய்ப்பாலில் இத்தகைய சர்க்கரை நூறு வகைக்கு மேல் இயற்கையாகவே இருக்கிறது. டின்னில் இருப்பதோ சில வகைதான்.

இத்தாலி நாட்டு டாக்டர்கள் இப்படி ஒரு பாலைக் காலிக் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2006-ல் வெளிவந்தது. சாதாரண டின் பால் குடித்த பிள்ளைகளைவிட, இதைக் குடித்தவர்கள் குறைவாக அழுதார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பாலில் புரதத்தையும் எளிதில் செரிக்கும்படி உடைத்திருந்தார்கள். பால் சர்க்கரையையும் குறைத்திருந்தார்கள். குழம்பில் மூன்று சாமான்களை மாற்றிவிட்டு, ருசிக்கு உப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியுமா?

தவிர, சாதாரணப் பால் குடித்த பிள்ளைகளின் அழுகையும் நாளடைவில் குறைந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, தானே அடங்கும் அழுகைக்கு டின் பெயர் வாங்கிக்கொள்ளக் கூடாது.

நஷ்டம் யாருக்கு?

பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். டின்னைத் திறந்தால் மார்பில் பால் வற்றும். பிறகு மாதா மாதம் டின் வாங்கியாக வேண்டும். புட்டியும் தண்ணீரும் சுத்தமாக இல்லாவிட்டால் பேதி வேறு! இதை எண்ணியே, குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-லேயே நம் நாட்டில் சட்டம் போட்டார்கள்.

தாய்ப்பாலுக்கு வழியில்லாமல் ஏற்கெனவே புட்டிப்பால் குடிக்கும் பிள்ளைகள் உண்டு. அந்தத் தாயைக் குறை கூறாதீர்கள். பாலை மாற்றலாமா என்று டாக்டரைக் கேட்டு நடக்கட்டும்.

காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது, எடை கூடாதது - இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். அது வெறும் காலிக் அல்ல. எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் குழந்தையைப் பிடித்துக் குலுக்காதீர்கள். மூளைக்கே ஆபத்து.

கணவன்மாரே! டின் வாங்கக் கடைக்கு நடப்பதை விட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடங்கள். மாமியார்மாரே! ஒரு மணி நேரம் பேரனை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பெண் சற்றுத் தூங்கட்டும். அதற்கு ஒரு காசும் செலவில்லை.