வரைபடம் யார் கையிலே?



வீட்டிலே பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புத் தேறிவிட்டால், “டாக்டருக்குப் படி, என்ஜினீயருக்குப் படி” என்கிறோம். நகர, வட்டார வளர்ச்சி என்றொரு படிப்பும் உண்டு. டெல்லியிலே 1955-ஆம் ஆண்டே அதற்கெனத் தனிப் பள்ளி தோன்றியது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் அது கற்பிக்கப்படுகிறது. “நமக்கெதற்கு அது?” என்பீர்கள்.

ஆலை எங்கே எழுவது, பஸ் எந்தத் தெருவிலே ஓடுவது, சாக்கடை எந்தப் பக்கம் போவது, குடிசை எந்தக் கரையிலிருந்து எடுக்கப்படுவது — இத்தனையும் முதலிலே ஒரு தாளில் கோடாக விழுகிறது. பிறகுதான் தரையிலே நடக்கிறது. அந்தக் கோட்டை இழுக்கக் கற்றுத் தருவதே இந்தப் படிப்பு!

சென்னையைப் பாருங்கள். நகரின் நடுவிலே கூவக் கரையிலும் சாலையோரத்திலும் வாழ்ந்த ஏழைகள், 2000-ஆம் ஆண்டு தொடங்கி கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோகப்பட்டனர். கல்வீடு கிடைத்தது, அதைக் குறை கூறவில்லை. ஆனால் வேலை? அது பழைய இடத்திலேயே நின்றுவிட்டது! மூட்டை தூக்குபவரும், மீன் விற்பவரும், வீட்டு வேலைக்குச் செல்லும் தாய்மாரும் பிழைப்பைத் தேடிப் பல மைல் பயணம் செய்ய வேண்டியதாயிற்று. சுவரும் கூரையும் சேர்ந்தால் வீடு. வேலையும் பள்ளியும் மருத்துவமனையும் அருகே இருந்தால்தான் வாழ்வு. இதை உணராதவன் இழுத்த கோடு, ஏழையின் வயிற்றிலே விழுந்த கோடு!

இதை உணர்ந்த அறிஞர் ஒருவர் அன்றே இங்கு வந்தார். ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெட்டீஸ், 1914-இலே தமது நகரக் கண்காட்சியுடன் சென்னைக்குப் புறப்பட்டார். கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை, சென்னையிலே குண்டு வீசிய அதே எம்டன் மூழ்கடித்தது. அவர் சோர்ந்தாரில்லை. மதுரை, தஞ்சை போன்ற ஊர்களிலே தெருத்தெருவாக நடந்தார். “இடித்துத் தள்ளு” என்றவர்களிடம், நாடி பார்த்துப் பிறகு மருந்து கொடு என்று வாதாடினார். 1919-இலே பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். தெருவிலே நடந்து கற்றவர் வகுப்பிலே கற்பித்தார்!

தெருவை நம்மைவிட அறிந்தவர் யார்? எந்தச் சந்திலே மழைநீர் தேங்கும், எந்தக் குழாயிலே தண்ணீர் வராது என்பது நம் பிள்ளைக்கு மனப்பாடம். அவனுக்கு இல்லாதது பட்டமும் அளவுகோலுமே. அவற்றை அவனும் அவன் தங்கையும் பெறட்டும்.

அதுவரை நாம் சும்மா இருப்பதா? 1971-ஆம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டப்படி, திட்டத்தை வெளியிட்டு மக்களின் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் கேட்டாக வேண்டும். அடுத்த முறை அந்த அறிவிப்பு வரும்போது, படிப்பகத்திலே வரைபடத்தை விரித்து வையுங்கள். உங்கள் தெருவைத் தேடுங்கள். காணோமா? எழுதிப் போடுங்கள்!

வரைபடத்திலே இல்லாத தெரு, நாளை தரையிலும் இல்லாமற் போகும்.