பந்தியில் பரிமாறியவர்

சென்ற வாரம் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று கல்லூரி மாணவர் ஒருவர் எழுதியது. தமது கல்லூரியின் றக்பிக் கோஷ்டியிலே ஒன்பதாம் இலக்கச் சட்டைக்காக இரண்டு பருவங்களாகக் காத்திருப்பவராம். அந்தச் சட்டையை அணியும் மூத்த மாணவர் இடத்தை விட்டு அசைவதாக இல்லை. ஆகவே இவர் மைதானத்தின் ஓரத்து வாங்கில் அமர்ந்து ஆட்டம் பார்த்து வருகிறார். அவர் விடுத்த வினா இது: "பழம்பெரும் ஆட்டக்காரர் ஒருவரின் தகுதியை எதைக் கொண்டு அளப்பது? அவர் ஓங்கிய காலத்தைக் கொண்டா, ஓய்ந்த காலத்தைக் கொண்டா?"

உதாரணமாக அவர் எடுத்துக் காட்டியவர் அவுஸ்திரேலியாவின் ஜோர்ஜ் கிரேகன். தந்தையார் கிரேகனைப் போற்றுகிறாராம். மகனோ பழைய ஆட்டங்களின் படப்பதிவுகளைப் பார்த்துவிட்டு, "இவரை ஏன் இத்தனை காலம் வைத்திருந்தார்கள்?" என்று கேட்கிறார். வீட்டில் இராச்சாப்பாட்டு வேளையில் நாள்தோறும் இதே வழக்குத்தானாம். தாயார்தாம் பாவம்!

தாயாருக்கும் விளங்கும்படி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். றக்பி ஆட்டத்தில் ஒரு கோஷ்டிக்குப் பதினைந்து பேர். அவர்களுள் முன்னணியாளர் எண்மர் தோளோடு தோள் பிணைத்து மோதிப் பந்தைக் கைப்பற்றுவர். பின்னணியாளர் அந்தப் பந்தை ஏந்திக்கொண்டு ஓடுவர். இவ்விரு சாராருக்கும் இடையே நிற்கும் ஒருவரே 'ஹாப்பாக்' எனப்படுபவர். கால்களுக்கு இடையே கிடக்கும் பந்தைக் குனிந்தெடுத்து, கண்மூடித் திறப்பதற்குள் அடுத்தவர் கையில் சேர்ப்பது அவர் கடமை. கலியாணப் பந்தியிலே பரிமாறுகின்றவரைப் போன்றவர் அவர். சமையல் எத்துணைச் சிறப்பாயிருப்பினும், பரிமாறுகின்றவர் தாமதித்தால் இலையின் முன் இருப்போர் முகம் சுளிப்பர். வேளைக்கு வந்துவிட்டாலோ அவரை எவரும் நினைப்பதில்லை.

கிரேகன் 1973 ஆம் ஆண்டு ஆபிரிக்காவின் சாம்பியா நாட்டுத் தலைநகராகிய லுசாக்காவில் பிறந்தவர். தந்தையார் அவுஸ்திரேலியர், தாயார் சிம்பாப்வே நாட்டவர். குழந்தைப் பருவத்திலேயே கன்பரா நகருக்குக் கொண்டுவரப்பட்டு அங்கேயே வளர்ந்தார். றக்பி வீரருள் சிறிய மேனியர். 1994 இல் தேசியக் கோஷ்டியில் இடம்பெற்றார். அந்த ஆண்டிலேயே நிகழ்ந்த ஒரு சம்பவம் அவரை நாடறியச் செய்தது.

1994 ஆகஸ்டு 17 ஆம் திகதி இரவு. சிட்னி நகரில் நியூசிலாந்துடன் பிளெடிஸ்லோ கிண்ணத்துக்கான ஆட்டம். முடிவதற்குச் சில நிமிடங்களே இருந்தன. அவுஸ்திரேலியா 20, நியூசிலாந்து 16. நியூசிலாந்தின் இளம் வீரர் ஜெப் வில்சன் தடுக்க வந்தோரை ஒருவர் பின் ஒருவராக ஏய்த்துவிட்டுக் கோட்டை நோக்கிப் பாய்ந்தார். பந்தைத் தரையில் ஊன்றிவிட்டால் ஐந்து புள்ளிகள். ஆட்டமும் கிண்ணமும் நியூசிலாந்துக்கே. அவர் பாய்ந்த அந்தக் கணத்திலே எங்கிருந்தோ ஓடிவந்த இருபத்தொரு வயதுக் கிரேகன், அவரை மோதி வீழ்த்தினார். பந்து கையினின்று நழுவியது. அவுஸ்திரேலியா வென்றது. இன்றும் அவுஸ்திரேலியாவில் 'அந்தத் தடுப்பு' என்று சொன்னாலே போதும். எந்தத் தடுப்பு என்று றக்பி ரசிகர் எவரும் கேட்கமாட்டார்.

அதன்பின் வந்த பெருமைகளைச் சுருங்கச் சொல்வோம். 1999 இல் கார்டிப் நகரில் பிரான்சை 35–12 என்று வென்று உலகக் கிண்ணத்தை ஏந்திய கோஷ்டியில் அவர் இருந்தார். அந்தப் போட்டித் தொடர் முழுவதிலும் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக எடுக்கப்பட்ட 'ட்ரை' ஒன்றே ஒன்றுதான். கன்பராவின் பிரம்பீஸ் கோஷ்டி 2001 இலும் 2004 இலும் 'சுப்பர் 12' போட்டியில் வாகை சூடியபோது அவரே ஹாப்பாக். அவர் எறிந்த பந்தை ஏந்திய பத்தாம் இலக்க வீரர் ஸ்ரீபன் லார்க்கம். இவ்விருவரும் 79 சர்வதேச ஆட்டங்களில் இணையாக ஆடினர். பல்லாண்டு ஒன்றாக வாழ்ந்த தம்பதியரைப் போல, ஒருவர் வாய் திறவாமலே மற்றவர் கருத்தை அறிந்து ஆடியவர்கள். கன்பரா மைதானத்தில் பார்வையாளர் மண்டபம் ஒன்று இருவர் பெயரையும் சேர்த்தே தாங்கி நிற்கிறது.

2001 இல் ஜோன் ஈல்ஸ் ஓய்வு பெற்றதும் கிரேகன் தலைவரானார். 59 ஆட்டங்களில் தலைமை வகித்தார். 2003 ஜூலையில் சிட்னியில் நியூசிலாந்து 50–21 என்று அவுஸ்திரேலியாவை நசுக்கியது. நான்கு மாதங்கள் கழித்து, அதே மைதானத்தில், உலகக் கிண்ண அரையிறுதியில் கிரேகனின் கோஷ்டி 22–10 என்று பழி தீர்த்தது. ஆட்டம் முடியும் தறுவாயில், 'இனி நான்கு ஆண்டுகள் காத்திருங்கள்' என்ற கருத்துப்பட அவர் எதிரிகளை எள்ளி நகையாடினார். அடுத்த வாரமே இறுதி ஆட்டத்தின் மேலதிக நேரத்தில், கடைசி நிமிடத்திலே, ஜொனி வில்கின்சன் உதைத்த பந்து கம்பங்களின் நடுவே சென்றது. இங்கிலாந்து 20, அவுஸ்திரேலியா 17. எள்ளியவரும் காத்திருக்க வேண்டியவரானார்.

இனி எதிர்த்தரப்பு வழக்கு. அதையும் மூடி மறைத்தல் நேர்மையன்று.

ரசிகர்களின் முதற் குறை, பந்தை எறியும் வேகம் பற்றியது. பிற்காலத்தில் கிரேகன் பந்தைத் தரையிலிருந்து எடுத்தவுடன் எறியாமல், ஓரிரு அடி நகர்ந்த பின்னரே எறிந்தார் என்பர். அந்த இரண்டடிக்குள் எதிரிகள் முன்னேறிவிடுவர். வெளியே நிற்கும் ஓட்டக்காரருக்கு இடம் குறைந்துவிடும். இது பொறாமையினால் எழுந்த பேச்சன்று. படப்பதிவைப் பார்த்த நம் மாணவர் கண்ணுக்கும் அது தப்பவில்லை.

இரண்டாவது குறை 2005 ஆம் ஆண்டு. அந்த ஆண்டு அவுஸ்திரேலியா தொடர்ச்சியாக ஏழு சர்வதேச ஆட்டங்களில் தோற்றது. ஆண்டு முடிவில் பயிற்சியாளர் எடி ஜோன்ஸ் பதவியிழந்தார். அதே ஆண்டிலேதான் கிரேகன், இங்கிலாந்தின் ஜேசன் லெனார்ட் ஆடியிருந்த 114 ஆட்டங்கள் என்ற உலக சாதனையைக் கடந்தார். ஒரு பக்கம் பாராட்டு. மறு பக்கம் 'போதும், இறங்கி வாருங்கள்' என்ற குரல். ஒரு மனிதர் இரண்டையும் ஒரே பருவத்தில் கேட்க நேர்ந்தது.

மூன்றாவது குறைதான் நம் மாணவரின் நெஞ்சைத் தொட்டிருக்கும். கிறிஸ் விற்றேக்கர் என்றொரு ஹாப்பாக் இருந்தார். 1998 இல் தேசியக் கோஷ்டியில் அறிமுகமானவர். பந்தை விரைந்து எறிவதில் கிரேகனை விஞ்சியவர் என்று அவருடைய ஆதரவாளர் வாதிடுவர். ஆயினும் தேசியக் கோஷ்டியிலே அவர் காலம் பெரும்பாலும் ஓரத்து வாங்கிலேயே கழிந்தது. ஒருவரின் நீண்ட ஆயுள் மற்றொருவரின் இளமையை விழுங்கிவிடுவதும் உண்டு. சாதனைப் பட்டியல்களில் அந்தக் கணக்கு எழுதப்படுவதில்லை.

இருதரப்பு வழக்கையும் கேட்டாயிற்று. எமக்குத் தோன்றுவதைக் கூறுகிறோம்.

தந்தையார் கூறுவது உண்மை. மகன் கூறுவதும் உண்மை. ஆனால் இருவரும் வேறு வேறு மனிதரைப் பற்றிப் பேசுகிறார்கள். தந்தையார் கண்ணில் நிற்பவர் இருபத்தொரு வயதுக் கிரேகன். மகன் கண்டவர் முப்பத்திரண்டு வயதுக் கிரேகன். வில்சனை வீழ்த்திய தோளும், பந்தைத் தாமதித்து எறிந்த கையும் ஒரே உடலைச் சேர்ந்தவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விலக்க இயலாது. 139 ஆட்டங்கள் ஆடிய ஒருவருக்கு நல்ல நாள்களும் கெட்ட நாள்களும் ஏராளம் இருக்கத்தான் செய்யும். தாமதம் இல்லை என்று தந்தையார் சாதித்தால் அது அன்பின் பிடிவாதம். தாமதம் மட்டுமே உண்டு என்று மகன் சாதித்தால் அது இளமையின் அவசரம்.

இன்னொன்றையும் நினைக்கவேண்டும். கோஷ்டியைத் தெரிவு செய்பவர் ஆட்டக்காரர் அல்லர். தெரிவாளர் அழைத்தால் வந்து ஆடுவது வீரர் கடமை. காலமறிந்து மாற்றுவது தெரிவாளர் கடமை. விற்றேக்கருக்கு இழைக்கப்பட்டது அநீதியாயின், அதற்கு விடை கூறவேண்டியவர் கிரேகன் ஒருவர் மட்டும் அல்லர். ஆனால் நாற்பது பேருக்கு முன்னால் மைதானத்தில் நிற்பவர்மேல் கல்லெறிவது, மூடிய அறைக்குள் இருப்பவர்மேல் எறிவதினும் இலகு.

2007 இல் கிரேகன் நான்காவது முறையாக உலகக் கிண்ணப் போட்டிக்குச் சென்றார். அப்போது தலைவர் அவரல்லர், ஸ்ரேர்லிங் மோட்லொக். தலைமை போனபின் சாதாரண வீரராகப் பணிபுரிய அவர் நாணவில்லை. அக்டோபர் 6 ஆம் திகதி மார்செய் நகரில் காலிறுதியில் இங்கிலாந்திடம் 12–10 என்று தோற்றார்கள். அதுவே அவருடைய கடைசிச் சர்வதேச ஆட்டம். அதே நாளில் கார்டிப் நகரில் நியூசிலாந்தும் பிரான்சிடம் தோற்றது. நான்கு ஆண்டுகள் என்ற அந்தப் பழைய கேலி, கேலி செய்தவரையும் செய்யப்பட்டவரையும் ஒரே மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

அத்துடன் அவர் ஓய்ந்தாரா? இல்லை. அப்போது பிரான்சின் இரண்டாம் பிரிவில் இருந்த தூலோன் கோஷ்டியில் சேர்ந்தார். அந்தப் பருவத்திலேயே அது முதற்பிரிவுக்கு உயர்ந்தது. பின்னர் ஜப்பானில் சன்ரோரி கோஷ்டிக்காக 2011 வரை ஆடினார். 139 ஆட்டங்கள் என்ற அவரது உலக சாதனையை அயர்லாந்தின் பிரையன் ஓ'டிரிஸ்கொல் 2014 இல் கடந்தார். அவுஸ்திரேலியருள் ஜேம்ஸ் ஸ்லிப்பர் 2024 இல் கடந்தார். சாதனை என்பது அடுத்தவர் வரும்வரை காத்து வைத்திருக்கும் பொருளே. தம் மகனுக்கு வலிப்பு நோய் கண்டதன் பின், 2005 இல், குழந்தைகள் மருத்துவமனைகளில் விளையாட்டிடங்கள் அமைக்கும் அறநிலையம் ஒன்றையும் அவர் தொடங்கினார். தோல்விகள் தொடர்ந்த ஆண்டும் அதுவே என்பதைக் குறை கூறுவோர் ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும்.

தம்பி, உமக்கு இறுதியாக ஒன்று. விற்றேக்கர் வாங்கில் வெறுமனே இருந்தாரல்லர். தம் மாகாணமாகிய நியூ சவுத் வேல்சின் கோஷ்டிக்குத் தலைவராகி, 2005 இல் அதைச் 'சுப்பர் 12' இறுதி ஆட்டம்வரை கொண்டு சென்றார். ஆகவே உமது மூத்தவரின் பிழைகளை எண்ணுவதில் மாலைப்பொழுதைக் கழிக்காதீர். அவர் செய்யும் தவறு இரண்டடி நகர்தல் என்றால், நகராமல் எறிய நீர் பழகும். அவரையே பந்தை ஏந்தும்படி கேளும், மறுக்கமாட்டார். இன்றிரவு சாப்பாட்டு வேளையில் தந்தையாரிடம், 'அந்தத் தடுப்பை இன்னொரு முறை பார்ப்போம்' என்று சொல்லிப் பாரும். தாயாருக்கும் ஓர் இரவாவது ஆறுதல் கிடைக்கட்டும்.