சுழி அணிகலன் அன்று, அதுவே எழுத்து

லாச்சப்பல் கடைவீதியில் அண்மையில் ஒரு திருமண அழைப்பிதழ் எமது கைக்கு வந்தது. பொன்னிற மையில், கொடியும் பூவுமாக வளைந்தோடிய எழுத்துக்கள். அதனை வாங்கிப் பார்த்த முதிய அம்மையார் ஒருவர், "ஆருக்குத் தம்பி, திருமனம்?" என்று கேட்டுச் சிரித்தார். ணகரத்தின் மூன்று சுழிகளில் ஒன்று பூவுக்குள் மறைந்து போயிருந்தது.

அவ்வெழுத்துக்களைக் கணனியில் புதிதாக வரைந்தவர் இங்கு பிறந்து வளர்ந்த எம் இளைஞர். அச்சேறுமுன் எவரிடமேனும் காட்டினீரா என வினவினோம். காட்டியதாகவும், எல்லோரும் "நல்லாயிருக்கு" என்றே கூறியதாகவும் சொன்னார். எனவே தவறு அவருடையது மட்டுமன்று. உண்மையைச் சொல்லாது கைதட்டிய எம்முடையதுமாகும்.

அலங்கார எழுத்து வேண்டாம் என்பதல்ல எமது வாதம். உரோம எழுத்தொன்றின் வாலை நீட்டினாலும் சுருட்டினாலும் பெரும்பாலும் அது அதே எழுத்தாகவே நிற்கும். தமிழில் அவ்வாறன்று. மனம் மணமாவது ஒரு சுழியினால். விடு வீடாவதும் ஒரு சுழியினால். கல என்பது கல் ஆவது ஒரு புள்ளியினால். ஓலையில் எழுதியோர் புள்ளியை இடாது விட்ட காலம் ஒன்றிருந்தது. வாசிப்பவரே இடமறிந்து பொருள் கொண்டனர். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவில் வேறுபடுத்திய பெருமை, 18ஆம் நூற்றாண்டில் பணியாற்றிய வீரமாமுனிவருக்கு உரியதென்பர். அவ்வாறு வந்து சேர்ந்த தெளிவை அழகின் பெயரால் நாம் இழக்கலாமா?

அழகும் தெளிவும் பகையல்ல என்பதற்கு இந்நகரமே சான்று. 1900இல் திறக்கப்பட்ட மெற்றோவின் வாசல்களுக்கு எக்தோர் கிமார் வரைந்த கொடிபோன்ற எழுத்துக்களை நாம் நாள்தோறும் கடந்து செல்கின்றோம். உக்ரைனின் கார்கிவ் நகரில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த கசாந்தர், 1929இல் 'பிஃபூர்' என்னும் விளம்பர எழுத்துருவைப் படைத்தார். ஓர் எழுத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் உறுப்பு எது என்று முதலில் தேடி, அதனைத் தடித்த கருமையில் நிறுத்தினார். எஞ்சிய பகுதிகளை மெல்லிய கோடுகளால் நிரப்பினார். எம் இளைஞர்கள் கொள்ளவேண்டிய பாடம் இதுவே. பூவைச் சுழியில் வைக்காதீர்கள், சுழிக்கு வெளியே வையுங்கள்.

வாசிப்பவரை விட்டுத் தொலைவில் எழுத்துச் செய்வதில் இடருண்டு என்பது பழைய அனுபவம். ஜேர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துக்கள் மிகப் பெரியனவாக இருந்தன. கடதாசி வீணாயிற்று. பின்னர் சிறிய எழுத்துக்கள் அங்கேயே வார்க்கப்பட்டன. இன்றோ பிறேசிலைச் சேர்ந்த மார்செலோ மகலாயிஸ் 'கொய்னி' என்னும் எழுத்துருவில் தமிழையும் வரைந்துள்ளார். இலங்கையரான தாரிக் அஸீஸ் 'கவிவாணர்' என்னும் சாய்ந்த கையெழுத்து வடிவைத் தந்துள்ளார். இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. எம் இளைஞர்களும் வரையட்டும். ஆனால் அச்சேறுமுன் வாசகரிடம் வரட்டும்.

அதற்கு வழி எளிது. தனியெழுத்துக்களை வரிசையாக அடுக்கிக் காட்டுவதால் பயனில்லை. ஊர்ப்பெயர்களை எழுதுங்கள். கீரிமலையில் மேல்விலங்கும் அதன் சுழியும் அடுத்தடுத்து நிற்கும். மன்னாரையும் வண்ணார்பண்ணையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் இரு சுழியும் மூன்று சுழியும், ரகரமும் காலும் தாமே சோதனைக்கு உட்படும். அத்தாளை ஒரு முதியவரிடமும், தமிழ்ப் பள்ளிக்குச் செல்லும் ஒரு பிள்ளையிடமும் கொடுங்கள். இருவரும் வேண்டும். 1978இல் தமிழ்நாடு அரசு கைவிட்ட பழைய லை, ணை வடிவங்களை அழகுக்காக மீட்டால் முதியவர் மகிழ்ந்து வாசிப்பார், பிள்ளை திகைத்து நிற்கும். என்ன எழுதியிருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். தடுக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கருத்துக் கூறுவோர்க்கும் கடமையுண்டு. "நல்லாயிருக்கு" என்பது கருத்தன்று. "இதென்ன தமிழோ?" என்று எள்ளுவதும் கருத்தன்று. "இவ்விடத்தில் எனக்கு ணகரம் னகரமாகத் தெரிந்தது" என்பதே வரைபவருக்கு உதவும் சொல்.

இது வெறும் அழகுப் பிரச்சினையன்று. இங்கு வளரும் எம் பிள்ளைகள் பலருக்கு, வீட்டுக்கு வெளியே கிடைக்கும் முதல் தமிழ் வாசிப்புப் புத்தகம் லாச்சப்பலின் பெயர்ப்பலகைகளே. அப்புத்தகத்தில் வீடு எங்கும் விடுவாகக் கிடந்தால், பிள்ளை எதனைக் கற்கும்?

அவ்விளைஞர் ணகரத்தைத் திருத்தி வரைந்து, அதே அம்மையாரிடம் கொண்டு சென்றார். இம்முறை அவர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து முழுவதையும் வாசித்துவிட்டு, "புள்ளி கொஞ்சம் சின்னனாக் கிடக்குது தம்பி" என்றார். இளைஞர் பென்சிலை எடுத்தார்.