முயலுக்கு ஏது லங்கணம்?

வளர்ப்பு முயல் ஒருநாள் தின்னாமல் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது, பசித்தால் தானே தின்னும் என்பது முயல் வளர்க்கும் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. தமிழ் வீடுகளில் இதற்குக் கூடுதல் பலம் உண்டு. ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு வயிறு கெட்டால் பட்டினிதான் முதல் வைத்தியம். சஷ்டி, ஏகாதசி, கிருத்திகை என்று விரதம் மாறாத வீட்டில், ஒரு முயல் ஒருநாள் வாய் திறக்காததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த வைத்தியம் மனிதருக்குப் பொருந்துமா என்பது வேறு பேச்சு. முயலைப் பொறுத்தவரை அது கொலைக்குச் சமம். 12 மணி நேரமாக எதையும் தின்னாத, புழுக்கையும் போடாத முயல் உடனடிச் சிகிச்சைக்கு உரிய நோயாளி.

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் போன்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) பேட்டைகளில் முயல் வளர்ப்பவர்கள் இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். பூனைகளுக்கு வீவக வீடுகளில் 2024 செப்டம்பர் 1ஆம் தேதிக்கு முன்பு அனுமதி இருக்கவில்லை. நாய் என்றால் அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களில் ஒன்றே ஒன்று. முயலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. குரைக்காது, கீழே நடக்கக் கூட்டிப்போகவும் வேண்டாம். அதனாலேயே ‘சுலபமான பிராணி’ என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. சீன நாள்காட்டியின் முயல் ஆண்டு 2023இல் பிறந்தபோது, ஆசைக்கு வாங்கிப் பிறகு கைவிடாதீர்கள் என்று விலங்குநல அமைப்புகள் எச்சரிக்க வேண்டியிருந்தது. சுலபம் என்று நினைத்து வாங்கியவர், அது தின்னாத நாளையும் சுலபமாகவே எடுத்துக்கொள்கிறார்.

முயலின் குடல் ஓய்வு அறியாதது. நாய் ஒருவேளை வயிறு நிறையத் தின்றுவிட்டு அடுத்த வேளை வரை படுத்திருக்கும். முயலோ ஒரு நாளில் 30 முறை வரைகூடச் சிறிது சிறிதாகக் கொறிக்கும். நலமாக உள்ள முயலின் இரைப்பை முழுவதும் காலியாவதே இல்லை. செரிக்காத நீண்ட நார்தான் குடலை அசையவைக்கிறது. அந்த நார் பெருங்குடலில் பிரிந்து புழுக்கையாக வெளியேற, நுண்ணிய துகள்களும் நீரும் பின்னோக்கிக் குருட்டுக்குடலுக்குத் தள்ளப்படுகின்றன. இரைப்பையைப் போலப் பத்து மடங்கு கொள்ளும் அந்தப் பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அவற்றை நொதிக்கவைக்கின்றன. அப்படி உருவாகும் மென்மையான உருண்டைகளை முயல் ஆசனவாயிலிருந்து நேராக வாயால் எடுத்து மறுபடி தின்னும். பார்ப்பவருக்கு அருவருப்பாக இருக்கலாம். முயலுக்கு அதில்தான் புரதமும் பி வைட்டமின்களும்.

தீனி நின்றால் இந்த ஓட்டம் தளர்கிறது. உள்ளே இருப்பது காய்ந்து இறுகுகிறது, வாயு சேர்கிறது, வலிக்கிறது. வலியால் முயல் இன்னும் தின்ன மறுக்கிறது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. இதற்குள் உடல் தன் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்பத் தொடங்குகிறது. பருத்த முயலாக இருந்தால் அந்தக் கல்லீரலே செயலிழக்கலாம். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்பதற்கு இங்கே இடமில்லை.

இந்த நம்பிக்கைக்கு ஒரு தம்பி உண்டு: ‘வாழைப்பழம் கொடுத்தால் தின்கிறதே, அப்புறம் என்ன?’ முயலின் பசி ஒரே நாளில் அற்றுப்போவதில்லை. ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டே வரும். பல் வலிக்கும் முயல் அரைத்துத் தின்ன வேண்டிய காய்ந்த திமோதிப் புல்லை முதலில் ஒதுக்கும், மெல்லிய கீரையையும் பழத்தையும் தின்றுகொண்டிருக்கும். முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்பவை. புல் அரைக்காத கடைவாய்ப் பல் கூர்முனை விட்டு நாக்கையோ கன்னத்தையோ குத்தும். முன்பற்களை மட்டும் பார்த்து ‘பல் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று சொல்வதால் பயனில்லை. தேக்கா சந்தையிலிருந்து வாங்கிவந்த கொத்தமல்லியை ஓடிவந்து தின்ற முயல், காலையில் போட்ட புல்லைத் தொடவில்லை என்றால் அதற்குப் பசி குறைந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

ஐயம் இருந்தால் கூண்டின் தட்டைப் பார்க்க வேண்டும். நல்ல புழுக்கை ஏறக்குறையக் கொண்டைக்கடலை அளவில், உருண்டையாக, ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். விரலிடையில் நசுக்கினால் உதிர்ந்து உள்ளே புல்லின் நார் தெரியும். குடல் தளரும்போது அது சிறுத்து, கறுத்து, கல்லாக இறுகும். சில புழுக்கைகள் கோணலாகும், சில முடியில் கோத்த மணிபோல் தொங்கும். எண்ணிக்கையும் குறையும். முயல் தானும் மூலையில் குறுகி உட்காரும், கண்ணைப் பாதி மூடும், பல்லை நறநறவென்று கடிக்கும், வயிற்றைத் தரையோடு அழுத்தும். பிற விலங்குகளுக்கு இரையாகும் இனம் என்பதால் வலியைக் கடைசிவரை மறைப்பது அதன் இயல்பு. கண், கன்னம், மூக்கு, மீசை, காது ஆகிய ஐந்தையும் பார்த்து முயலின் வலியைக் கணிக்கும் அளவுகோலை ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டதும் அதனால்தான்.

பசி குறைவது ஓர் அறிகுறி. காரணம் வேறெங்கோ இருக்கும். பல், சிறுநீர்ப்பைக் கல், கண்ணுக்குத் தெரியாத காயம், அண்டை வீட்டுப் புதுப்பிப்பு வேலையில் சுவர் உடைக்கும் சத்தம் தந்த அச்சம் என்று எதுவாகவும் இருக்கலாம். சிங்கப்பூரில் வெப்பத்தை மறக்கவே கூடாது. முயலுக்கு வியர்க்காது, காதுகளின் வழியாகவே பெரிதும் வெப்பத்தை விடும். பிற்பகலில் 32 பாகையைத் தொடும் ஊரில், சன்னல் சாத்திய வீட்டில், மின்விசிறியும் இல்லாமல் விட்டுவிட்டு வேலைக்குப் போனால் அது தின்னாது.

முடி உருண்டைதான் காரணம், அன்னாசிச் சாறு கொடுத்தால் கரைந்துவிடும் என்ற கை வைத்தியமும் தவறு. நலமான முயலின் இரைப்பையிலும் முடி இருக்கும். குடல் தளர்ந்ததால்தான் அது நீரிழந்து இறுகுகிறது. அன்னாசியின் நொதி முடியைக் கரைப்பதில்லை. சாற்றின் சர்க்கரையோ தடுமாறும் நுண்ணுயிர்களை மேலும் கலைத்துவிடும்.

செய்ய வேண்டியது இதுதான்: முயலுக்கு மிகப் பிடித்த தழையை நீட்டிப் பார்ப்பது, புதிய நீர் வைப்பது, புழுக்கையைப் பார்ப்பது, உடனே மருத்துவரை அழைப்பது. சிரிஞ்சில் கூழ் ஊட்டுவது பல நேரம் உயிர் காக்கும். ஆனால் குடல் அடைத்திருக்கும்போது ஊட்டினால் ஆபத்து. வயிறு திடீரென்று உப்பி விறைத்திருந்தால் எதையும் ஊட்டாமல் கிளம்ப வேண்டும். அடைப்பா வெறும் தளர்ச்சியா என்பதை எக்ஸ்ரேயும் இரத்தச் சர்க்கரை அளவும் சேர்ந்து காட்டும். அடைப்பில் சர்க்கரை வெகுவாக எகிறும். வீட்டிலுள்ள வலி மாத்திரையையோ அமாக்சிசிலினையோ கொடுக்கவே கூடாது. வாய்வழி அமாக்சிசிலின் முயலின் குடல் நுண்ணுயிர்களைக் குலைத்து உயிரையே எடுக்கும். கருத்தடை அறுவைக்கு முந்திய இரவு முயலைப் பட்டினி போடுவதும் நாய், பூனைகளிடமிருந்து வந்த பழக்கம். வாந்தி எடுக்காத பிராணிக்கு அது தேவையில்லை.

சிங்கப்பூரில் முயல் இரத்தக்கசிவு நச்சுயிர் நோய் முதன்முறையாக 2020இல் கண்டறியப்பட்டது. அதிலும் பசியின்மை ஓர் அறிகுறி. பல முயல்கள் அறிகுறியே காட்டாமல் மடிவதும் உண்டு. அதற்குத் தடுப்பூசி இங்கே கிடைக்கிறது.

எல்லா மருந்தகங்களும் முயலைப் பார்ப்பதில்லை. இரவில் பார்ப்பவை இன்னும் குறைவு. கடற்பாலம் அருகில்தானே, ஜோகூர் பாருவில் காட்டிக்கொள்ளலாம் என்று உட்லண்ட்ஸ்வாசிகள் எண்ண வேண்டாம். உரிமம் இல்லாமல் முயலைத் திரும்பக் கொண்டுவர முடியாது. முயலைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரின் எண்ணையும், இரவில் திறந்திருக்கும் மருந்தகம் ஒன்றின் எண்ணையும் இன்றே எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள்.