வெள்ளோட்டத்துக்கு வாப்பாவின் குரலையும் ஏற்றுவதா?

சென்ற ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறைக்குப் புல்மோட்டையிலுள்ள ராத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். பகல் சாப்பாடு முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு மருமகன் மெல்ல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கட்டாரில் வேலை பார்ப்பவன். ஒரு மாத லீவில் வந்திருந்தான்.

"மாமா, நம்மட பெட்டிக்குப் புது வேர்ஷன் வந்திருக்கு. இன்னும் டெஸ்ட் வேர்ஷன்தான். ஆனா நல்லா இருக்காம். நான் போக முந்தி ஏத்திட்டுப் போறன்."

அடுப்படியில் இருந்த ராத்தாவின் காதில் இது விழுந்துவிட்டது. "என்ன தம்பி, இவன் பெட்டியத் தட்டிக் கொட்டப் போறானா? வாப்பாட குரலுக்கு ஒண்டும் ஆகாதே?" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அவர்கள் 'பெட்டி' என்று சொல்வது என்னவென்று வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மருமகன் ஒரு பழைய அலுவலகக் கணினியை வாங்கி, அதற்குள் இரண்டு பெரிய ஹார்ட் டிஸ்க்குகளைப் பொருத்தி, றௌட்டரோடு இணைத்து ராத்தாவின் அறையில் வைத்திருக்கிறான். திரையும் இல்லை, தட்டச்சுப் பலகையும் இல்லை. வீட்டிலுள்ள எவருடைய தொலைபேசியிலிருந்தும் படங்களையும் பத்திரங்களையும் அதற்குள் போடலாம், எடுக்கலாம். இதைத்தான் 'நாஸ்' என்கிறார்கள். கடையில் செய்து விற்பதும் உண்டு. இப்படிப் பழைய கணினியில் இலவச மென்பொருளை ஏற்றிக்கொள்வதும் உண்டு. ராத்தா வீட்டில் ஓடுவது ட்ரூநாஸ் என்ற மென்பொருள். 2005இல் ஒலிவியே கொஷார்-லாபே என்ற பிரெஞ்சுக்காரர் ஃப்ரீநாஸ் என்று தொடங்கியதன் வழியில் வந்தது. அதன் புதிய பதிப்புகளுக்குக் கடலுயிர்களின் பெயர்களை அகர வரிசையில் வைத்துக்கொண்டு போனார்கள். அவற்றில் ஒன்று 'கோபியா', அதாவது நம்முடைய கடல் விரால். மீன்பிடி ஊரான புல்மோட்டைக்குப் பொருத்தமான பெட்டிதான்!

அந்த அறையில் உம்மாவின் காலத்து மரப் பெட்டகம் இன்னும் இருக்கிறது. காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், நிகாஹ் பதிவு எல்லாம் ஒரு காலத்தில் அதற்குள்தான் இருந்தன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது பெட்டகத்தைத் திறக்க யாருக்கும் நேரமிருக்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு வந்து பார்த்தால் கலியாண அல்பம் ஒரே களி. காணிப் பத்திரத்தில் மை கரைந்து, முத்திரை மட்டும் மிஞ்சியிருந்தது. அதன் பிரதியை எடுக்க ராத்தா எத்தனை நாள் எத்தனை வாசற்படி ஏறினார் என்பது தனிக் கதை. அலமாரியின் மேல்தட்டில் இருந்ததால் வாப்பாவின் கசெட்டுகள் தப்பின.

எண்பதுகளில் வாப்பா சவூதியில் இருந்தார். கடிதத்தோடு சேர்த்துப் பேசிப் பதிந்த கசெட்டையும் யாராவது ஊருக்கு வருபவரிடம் கொடுத்தனுப்புவார். பல வீடுகளில் அந்தப் பழக்கம் இருந்தது. வாப்பா மௌத்தாகிப் பல வருடங்களுக்குப் பின் அவற்றைக் கணினியில் ஏற்றினோம். ஏற்றியாகிவிட்டதே என்று கசெட்டுகளைக் கவனிக்காமல் விட்டோம். கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து நாடாக்கள் ஒட்டிக்கொண்டன, வீசிவிட்டோம். ஆகவே வாப்பாவின் குரல் இவ்வுலகில் மிஞ்சியிருப்பது அந்தப் பெட்டிக்குள்தான். ராத்தாவின் பயம் வீண் பயமல்ல.

மருமகனும் சும்மா பேசவில்லை. "பழசையே வெச்சிருந்தா அதுதான் மாமா ஆபத்து" என்றான். அதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கேட்கும் தீநிரல் தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்கள், ஏறத்தாழ ஐயாயிரம் முகவரிகளுக்குரியவை, போய்விட்டன. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டவற்றில் ஒன்று. அங்கே ஓடியது 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள். அதை வெளியிட்ட மைக்ரோசொஃப்ட் அந்த வருடம் ஏப்ரலிலேயே அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டிருந்தது. புதியதற்கு மாற வேண்டும் என்று 2021 முதலே திட்டம் இருந்ததாகவும், பணத் தட்டுப்பாட்டாலும் வேறு காரணங்களாலும் தாமதமாகிவிட்டதாகவும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் சொன்னது. அமைப்பை அன்றைக்கே மீட்டு ஓடவிட்டார்கள். ஆனால் அந்தச் சில மாதங்களுக்கு வெளியே தனியாக எடுத்து வைத்த பிரதி இல்லை. இல்லாததை எங்கிருந்து மீட்பது?

2021 ஜூனில் இன்னொன்று நடந்தது. வெஸ்டேர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' என்ற வீட்டுச் சேமிப்புப் பெட்டியை வைத்திருந்த பலர் ஒரு காலையில் எழுந்து பார்த்தால் பெட்டி வெறுமையாக இருந்தது. இணையம் வழியே யாரோ உட்புகுந்து, புதிதாக வாங்கிய நாளில் இருந்ததுபோல் அழித்துவிட்டிருந்தார்கள். அந்தப் பெட்டிக்குக் கடைசியாக மென்பொருள் திருத்தம் வந்தது 2015இல். ஆறு வருடம் பூட்டு மாற்றாத வீடு!

எனவே மேம்படுத்தத்தான் வேண்டும். அதில் எனக்கும் மருமகனுக்கும் பேச்சில்லை. பேச்செல்லாம் சோதனைப் பதிப்பைப் பற்றியே.

தமிழில் இதற்கு அழகான சொல் இருக்கிறது: வெள்ளோட்டம். புதுத் தோணியைக் கடலில் இறக்கினால் முதல் நாளே வலையையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஆழத்துக்குப் போய்விடுவோமா? கரையோடு ஓட்டி, எங்கே தண்ணீர் கசிகிறது என்று பார்ப்போம். மென்பொருள் செய்பவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். "ஓட்டிப் பாருங்கள், கசிந்தால் சொல்லுங்கள்" என்று வெளியிடுகிறார்கள். அவர்கள் மறைப்பதில்லை, முக்கியமான தரவுகளுள்ள பெட்டியில் ஏற்ற வேண்டாம் என்று எழுதியும் வைக்கிறார்கள். நாம்தான் அந்த வரியைத் தாண்டிக்கொண்டு 'சரி' என்ற பொத்தானுக்குப் போகிறோம்.

வெள்ளோட்டம் முடிந்தது என்று சொல்லி வந்தவையே சில வேளை கவிழ்ந்ததுண்டு. 2017 மார்ச்சில் ஃப்ரீநாஸின் பத்தாம் பதிப்பு 'கொரால்' என்ற பெயரில் நிறைவான வெளியீடாகவே வந்தது. அடுத்த மாதமே அந்த நிறுவனம் அதைப் பின்னிழுத்து, வெறும் முன்னோட்டம் என்று மாற்றி அறிவித்தது. ஆசையோடு ஏற்றியவர்கள் பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. 2023 டிசம்பரில் டெபியன் என்ற புகழ்பெற்ற இலவச இயங்குதளத்தின் 12.3 வெளியீட்டையே நிறுத்தி வைத்தார்கள். அதிலிருந்த கேர்னலில் கோப்புகளைப் பழுதாக்கும் பிழை இருந்தது கடைசி நேரத்தில் தெரிய வந்ததுதான் காரணம். ஒளிக்காமல் உடனே சொன்னார்களே, அதைப் பாராட்ட வேண்டும்.

இதையெல்லாம் சொன்னபோது மருமகன் சிரித்தான். "மாமா, சிஸ்டம் இருக்கிறது சின்ன டிஸ்க்குல. வாப்பப்பாட குரல் இருக்கிறது பெரிய டிஸ்க்குல. மாறப்போறது சின்னதுதான். சரிவரல்லயெண்டா பழைய சிஸ்டத்துக்கே திரும்பி வரலாம்."

அவன் சொன்னது உண்மை. ட்ரூநாஸில் புதியதை ஏற்றும்போது பழைய இயங்குதளம் அழிந்துபோவதில்லை, பக்கத்தில் காத்திருக்கும். பிடிக்காவிட்டால் அதைத் தெரிந்தெடுத்து மறுபடி தொடங்கலாம். ஆனால் ஒரு இடம் இருக்கிறது, அங்கே மட்டும் கவனம் வேண்டும். புதிய பதிப்பு ஏறிய பிறகு, "உங்கள் டிஸ்க் தொகுப்பையும் புதிய முறைக்கு உயர்த்தலாம்" என்று திரையில் ஓர் அறிவிப்பு வரும். பார்க்க நல்ல ஆலோசனை போலத்தான் இருக்கும். அதை அழுத்திவிட்டால், பழைய மென்பொருளுக்கு அந்த டிஸ்க்குகளை வாசிக்கத் தெரியாமல் போகலாம். அதன் பிறகு திரும்பி வரும் பாதை அடைபட்டுவிடும். புதிய பதிப்பு மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடி, இனித் திரும்பத் தேவையில்லை என்று உறுதியான பின்புதான் அந்தப் பொத்தானைத் தொட வேண்டும். தொடாமலே விட்டாலும் பெட்டி ஓடும்.

நான் அவனிடம் கேட்டது வேறு ஒன்று. "நீ பத்து நாளில் விமானம் ஏறிவிடுவாய். பதினோராம் நாள் பெட்டி திறக்காவிட்டால் அதன் முன்னால் இருக்கப்போவது யார்?"

அவன் உம்மாவைப் பார்த்தான். ராத்தா ஒன்றும் பேசவில்லை.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வாங்கிவரும் சாமான்கள் எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. புதுமையை அனுபவிக்கும் ஆசை அவர்களுக்கு. பழுதானால் காத்திருப்பது வீட்டிலிருப்பவர்களுக்கு.

"சரி, முதலில் பிரதி இருக்கிறதா என்று பார்ப்போம்" என்றேன். "இருக்கு மாமா, எக்ஸ்டேர்னல் டிஸ்க்குக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தானாப் போகுது" என்றான். பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்குகள் ஒன்றையொன்று பார்த்து எழுதுகின்றனவே, அது பிரதி ஆகாதா என்று ராத்தா கேட்டார். நல்ல கேள்வி. ஒரு டிஸ்க் செத்தால் மற்றது காப்பாற்றும். ஆனால் ஒரு கோப்பை நாம் தவறி அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். மின்னல் விழுந்தாலும் வெள்ளம் வந்தாலும் இரண்டும் ஒன்றாகத்தான் போகும். அது கண்ணாடி, கண்ணாடியில் தெரியும் பணத்தை எடுத்துச் செலவழிக்க முடியாது.

வெளி டிஸ்க்கை என் மடிக்கணினியில் செருகித் திறந்தோம். படங்கள் இருந்தன. காணிப் பத்திரத்தின் ஸ்கேன் இருந்தது. பிள்ளைகளின் சான்றிதழ்கள் இருந்தன. 'வாப்பா' என்ற கோப்புறை மட்டும் இல்லை.

மருமகனின் முகம் வெளிறிவிட்டது. தேடிப் பார்த்ததில் விடயம் விளங்கிற்று. வெள்ளிக்கிழமைப் பிரதிக்கு அவன் ஒழுங்கு செய்தபோது இரண்டு கோப்புறைகளைக் குறித்திருந்தான். குரல் பதிவுகளைப் பெட்டிக்குள் போட்டது அதற்குப் பிறகு. புதிய கோப்புறையைப் பிரதிப் பட்டியலில் சேர்க்க மறந்திருந்தான். வாராவாரம் "வெற்றிகரமாக முடிந்தது" என்று பச்சை அடையாளம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அதுவும் பொய்யில்லை, சொன்னதை அது செய்திருக்கிறது.

அன்று இரவே வாப்பாவின் பதிவுகள் முழுவதையும் வெளி டிஸ்க்குக்கு எடுத்தோம். எடுத்ததை நம்பிவிடாமல் ஒவ்வொன்றாகப் போட்டும் கேட்டோம். சரிபார்ப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. நள்ளிரவு தாண்டிற்று. ஒரு கசெட்டில் பாதி நேரம் கூரைத் தகரத்தின் விலையைப் பற்றியே வாப்பா பேசுகிறார். கிணற்றைத் தூர்வாரச் சொல்கிறார். நடுவில் ராத்தாவின் பெயரைச் சொல்லி, பள்ளிக்கூடம் போகாமல் மட்டம் போடக் கூடாது என்கிறார். ஐம்பது வயது தாண்டிய ராத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், சிரித்தார்.

மறுநாள் மருமகன் பிரத்தியேக வகுப்புக்கு முன்பு பயன்படுத்திய இன்னொரு பழைய கணினியைத் தூசி தட்டி எடுத்தான். அதில் இரண்டு வெற்று டிஸ்க்குகள். சோதனைப் பதிப்பை அதில் ஏற்றினான். கச்சான் காற்று அடிக்கும் காலம். எங்கேயோ கம்பியில் கொப்பு விழுந்து பாதியில் கறண்ட் போய்விட்டது. 'யூ.பி.எஸ்' தாங்கும் என்று பார்த்தால் அதுவும் உடனே அணைந்தது. பற்றரி எப்போது செத்ததென்று யாருக்கும் தெரியாது! வெற்றுக் கணினி என்பதால் சிரித்துக்கொண்டு மறுபடி தொடங்கினோம். பெரிய பெட்டியில் அது நடந்திருந்தால் யார் சிரித்திருப்பார்கள்?

புதுப் பதிப்பு நன்றாகத்தான் இருந்தது. மருமகன் இரண்டு நாள் அதில் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தான், கண்ட ஒரு சிறு குறையைச் செய்பவர்களுக்கு எழுதியும் அனுப்பினான். பெரிய பெட்டியில் ஏற்றுவதைப் பற்றி அவனே பிறகு பேசவில்லை. அதற்குப் பதிலாக, ஏற்கனவே உறுதிப்படுத்தி வெளியிடப்பட்ட பதிப்பின் கடைசித் திருத்தத்தை மட்டும் ஏற்றினான். ஏற்றுமுன் அமைப்பு விபரங்களைத் தனிக் கோப்பாக எடுத்துப் பென் டிரைவில் வைத்தான். யூ.பி.எஸ்ஸுக்குப் புதுப் பற்றரி வாங்கினான். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உம்மாவின் மரப் பெட்டகத்துக்குள் வைத்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். பரவாயில்லை, ராத்தாவுக்குத் தெரிந்த இடம் அதுதான்.

ஒரு விடயம் பாக்கி இருந்தது. பெட்டியும் வெளி டிஸ்க்கும் ஒரே அறையில் இருந்தால் அடுத்த வெள்ளத்துக்கு இரண்டும் ஒன்றுதானே? மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்று பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு. 2025 நவம்பரில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிய பிறகு அதை விளக்கிச் சொல்ல அதிக நேரம் தேவைப்படவில்லை. இன்னொரு டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் அதிலும் எடுத்தோம். வருடத்துக்கு இரண்டு முறை, பெருநாளுக்கு வரும்போது நான் அதைக் கொண்டுவந்து புதுப்பித்துக்கொண்டு போவதென்று ஏற்பாடு.

திரும்பும் நாளில் ராத்தா அந்த டிஸ்க்கைத் துவாயில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, மேலே மஸ்கட் பொதியையும் வைத்துத் தந்தார். "பேக்கை மேல வெக்காதீங்க தம்பி, மடியிலேயே வெச்சிக்கொண்டு போங்க" என்று பஸ் கிளம்பும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். குச்சவெளி தாண்டி நிலாவெளி வரும்வரை மடியில்தான் வைத்திருந்தேன்.